0, 2000, 10000: போன் டெர்மினலில் உங்களுக்கு எந்த எண் போதும்?

ஆண்ட்ராய்டு போனில் ஏதாவது ஒரு டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) திறந்து ‘ஐடி’ என்ற கட்டளையைத் தட்டிப் பாருங்கள். (கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதுகிறேன், தட்டும்போது சிறிய ஆங்கில எழுத்து.) சாதாரணச் செயலி ஒன்றுக்குள் இருந்து தட்டினால் 10,000-க்கு மேல் ஓர் எண் வரும். கணினியோடு கேபிளில் இணைத்து ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக உள்ளே போய்த் தட்டினால் 2000 வரும். ரூட் செய்த, அதாவது முழு அதிகாரமும் திறந்துவிட்ட போனில் ‘எஸ்யு’ (ரூட்டாக மாறும் கட்டளை) கொடுத்துவிட்டுத் தட்டினால் 0.

போனில் கட்டளை தட்ட ஆசைப்படுகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது “ரூட் பண்ணலாமா, வேண்டாமா?” என்றுதான். அப்படிக் கேட்டால் ஆம், இல்லை என்று இரண்டே பதில்தான் கிடைக்கும். கிடைத்த பதிலை நம்பிப் பூட்லோடரை (போன் எழும்போது எந்தச் சிஸ்டத்தை ஏற்றுவது என்று காவல் காக்கும் நிரல்) திறந்துவிட்டு, அப்புறம் வங்கிச் செயலி ஓடவில்லையே என்று அலைகிறவர்கள் நிறைய. “நான் செய்ய நினைக்கும் வேலைக்கு இந்த மூன்றில் எந்த எண் போதும்?” என்று கேட்டால் பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல், அதாவது சிஸ்டத்தின் மையக்கரு. ஒரு கணினியைப் பல பேர் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவர் கோப்பில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது என்பதற்காக லினக்ஸில் பயனர் எண் இருக்கிறது. ஆண்ட்ராய்டு அதே ஏற்பாட்டைச் செயலிகளுக்குத் திருப்பிவிட்டது. நிறுவும் ஒவ்வொரு செயலியும் கெர்னலின் கண்ணுக்குத் தனித்தனிப் பயனர். அதனால்தான் ஒரு விளையாட்டுச் செயலியால் உங்கள் அரட்டைச் செயலியின் கோப்புகளை எட்டிப்பார்க்க முடியாது. 2000 என்பது ‘ஷெல்’ என்ற பயனர். செயலி எழுதுகிறவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக விட்டுவைத்த வாசல். 0 எல்லாருக்கும் மேலே. அந்த 0 மீதும் எஸ்இலினக்ஸ் என்ற இன்னொரு காவல் உண்டு. ஆண்ட்ராய்டு 5.0 முதல் அது முழுக் கண்டிப்போடு இயங்குகிறது. ஆகவே ‘ரூட் கிடைத்துவிட்டது, இனி தடையே இல்லை’ என்பது பழைய காலத்துப் பேச்சு.

எதையும் திறக்காமல் எவ்வளவு தூரம் போகலாம்?

நினைப்பதைவிட நிறைய தூரம். டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலியை நிறுவினால் பைத்தான், கிட், எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் போகும் வழி), எஃப்எஃப்எம்பெக், விம் போன்ற கணினிக் கருவிகள் எல்லாமே ‘பிகேஜி இன்ஸ்டால்’ என்ற ஒரே கட்டளையில் வந்து இறங்கும். நிரல் எழுதிப் பழக, வீடியோவை வெட்டிச் சுருக்க, தொலைவில் இருக்கும் சர்வருக்குள் போய் வேலை பார்க்க, நூற்றுக்கணக்கான படங்களுக்கு ஒரே மூச்சில் பெயர் மாற்ற ரூட் தேவையே இல்லை. “போனில் லினக்ஸ் கட்டளை கற்றுக்கொள்ள ரூட் பண்ணப் போகிறேன்” என்று யாராவது சொன்னால் டெர்மக்ஸை நிறுவச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

எங்கிருந்து நிறுவுவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஆண்ட்ராய்டு 10 காலத்து விதிப்படி, அந்தப் பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ இலக்காக வைத்துக் கட்டிய செயலி, தன் சொந்தக் கோப்புறையில் எழுதிய நிரலைத் தானே நேரடியாக இயக்க முடியாது. டெர்மக்ஸ் வாழ்வதே அப்படி இறக்கிய நிரல்களை இயக்கித்தான். அதனால் எஃப்-டிராய்டிலும் (திறமூலச் செயலிகளின் கடை) கிட்ஹப்பிலும் கிடைக்கும் பதிப்பு வேண்டுமென்றே பழைய இலக்கிலேயே நிற்கிறது. பிளே ஸ்டோர் பதிப்பு வேறு தடத்தில் போகிறது. எஃப்-டிராய்டை எடுங்கள். துணைச் செயலியான டெர்மக்ஸ் ஏபிஐயையும் அங்கிருந்தே எடுக்க வேண்டும். ஒன்றை இங்கும் இன்னொன்றை அங்கும் எடுத்தால் கையொப்பம் பொருந்தாது, இரண்டாவது நிறுவவே மறுக்கும்.

சரி, எங்கே முட்டும்? ‘பிஎஸ்’ தட்டினால் டெர்மக்ஸின் சொந்தப் பிராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) மட்டும்தான் தெரியும். ஆண்ட்ராய்டு 7 முதலே மற்றவை மறைக்கப்பட்டுவிட்டன. கெர்னல் பதிவைக் காட்டும் ‘டிமெஸ்ஜி’ அனுமதி இல்லை என்று சொல்லும். 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்) சர்வர் எதையும் ஓட்ட முடியாது. டெர்மக்ஸின் எஸ்எஸ்எச் சர்வர் 22-க்குப் பதிலாக 8022-இல் காத்திருப்பது இதனால்தான். ஆண்ட்ராய்டு 12-இல் இன்னொரு தொல்லை சேர்ந்தது. செயலிகள் பெற்றுப்போடும் கிளைப் பிராசஸ்கள் எல்லாம் சேர்த்து 32-ஐத் தாண்டினால் சிஸ்டம் தானாகக் கொல்ல ஆரம்பிக்கும். நீண்ட வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது டெர்மக்ஸ் திடீரென்று ‘சிக்னல் 9’ என்று சொல்லிச் செத்தால் காரணம் இதுதான். பிந்திய பதிப்புகளில் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் (செட்டிங்ஸில் ஒளித்து வைத்த மெனு, திறக்கும் வழி கீழே) இதை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது.

டெர்மக்ஸுக்குள்ளேயே பிரூட் என்ற கருவியை வைத்து உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகை ஒன்றை இறக்கிக்கொள்ளலாம். அதில் ‘ஐடி’ தட்டினால் 0 வரும். ஏமாந்துவிடாதீர்கள், அது வேஷம். நிரல்கள் கெர்னலிடம் கேட்கும் ஒவ்வொன்றையும் இடையில் மறித்து “நீதான் ரூட்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறது பிரூட். கெர்னலுக்கு நீங்கள் இன்னமும் 10,000 சொச்சம்தான். ரூட் இல்லாவிட்டால் அடம்பிடிக்கும் நிறுவல் நிரல்களைச் சமாளிக்க இது போதும். எதையும் மவுண்ட் செய்யவோ (ஒரு சேமிப்பகத்தைச் சிஸ்டத்தோடு இணைக்கவோ) ஃபயர்வால் விதி (எந்த இணைப்பை அனுமதிப்பது என்ற நெட்வொர்க் விதி) எழுதவோ போதாது. இடையில் மறிப்பதால் வேகமும் குறையும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தொடும் வேலைகளில் அது நன்றாகவே தெரியும்.

2025 மார்ச்சில் பிக்சல் போன்களுக்கு வந்த ‘டெர்மினல்’ செயலி இதைவிட நேர்மையானது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் லினக்ஸ் டெவலப்மென்ட் என்விரான்மென்ட்டை இயக்கினால், போனுக்குள் ஒரு மெய்நிகர் கணினி உருவாகி அதில் முழு டெபியன் ஓடும். அதற்கென்று தனிக் கெர்னல். ‘சுடு’ (ரூட்டாக ஓட்டும் கட்டளை) கொடுத்தால் கிடைப்பது உண்மையான ரூட்தான், ஆனால் அந்தப் பெட்டிக்குள் மட்டும். உள்ளே எதை அழித்தாலும் போனின் சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகாது. அதேபோல் உள்ளே இருந்துகொண்டு போனின் சிஸ்டத்தில் ஒரு கோப்பைக்கூடத் தொட முடியாது. ரூட் கட்டளைகளைப் பயமில்லாமல் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. மெய்நிகராக்கத்தை ஆதரிக்கும் போனாக இருக்க வேண்டும், நினைவகமும் இடமும் தாராளமாக வேண்டும், அவ்வளவுதான்.

ஏடிபி: பலருக்குப் பயணம் இங்கேயே முடியும்

ரூட் கேட்டு வருகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று துருவிக் கேட்டால் பாதிப் பேர் சொல்வது ஒன்றே: நிறுவனம் திணித்த செயலிகளை நீக்க வேண்டும். அதற்கு 2000 போதும்.

செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியில் ‘ஏடிபி ஷெல்’ தட்டினால் உள்ளே வந்துவிடலாம். முதல் முறை இணைக்கும்போது “இந்தக் கணினியை நம்பலாமா?” என்று போன் கேட்கும். கணினி கையில் இல்லையா? ஆண்ட்ராய்டு 11 முதல் வயர்லெஸ் டீபக்கிங் இருக்கிறது. டெர்மக்ஸில் ஏடிபியை நிறுவி, போன் தன்னைத் தானே இணைத்துக்கொள்ளச் செய்யலாம். இதில் ஒரு சின்னச் சிக்கல்: ஆறிலக்கக் குறியீட்டைக் காட்டும் அந்த ஜன்னலை விட்டு நகர்ந்தால் குறியீடு செல்லாமல் போய்விடும். திரையை இரண்டாகப் பிரித்து, மேலே செட்டிங்ஸ், கீழே டெர்மக்ஸ் என்று வைத்துக்கொண்டு தட்ட வேண்டும்.

இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் ஷிசுகு என்ற செயலி இருக்கிறது. அறிவிப்புப் பட்டையிலேயே குறியீட்டை வாங்கிக்கொண்டு, 2000-இன் அதிகாரத்தை நீங்கள் அனுமதிக்கும் மற்றச் செயலிகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும். அதோடு வரும் ‘ரிஷ்’ என்ற சின்னக் கருவியை டெர்மக்ஸில் போட்டுவிட்டால், போனிலேயே ஏடிபி ஷெல் திறந்த மாதிரிதான். போனை அணைத்துப் போட்டால் ஷிசுகுவை மறுபடி தொடங்க வேண்டி வரலாம் என்பதுதான் இதில் குறை.

நீக்குவதற்கு வருவோம். ‘பிஎம் அன்இன்ஸ்டால்’ கட்டளையில் பயனர் 0 என்று குறிப்பிட்டு, செயலியின் தொகுப்புப் பெயரை (சிஸ்டம் அதை அடையாளம் காணும் உள்பெயர்) கொடுத்தால் அந்தச் செயலி உங்கள் கணக்கிலிருந்து மறைந்துவிடும். (இந்தப் பயனர் 0 போனின் முதல் கணக்கு, ரூட்டின் 0-க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) செயலியின் மூலப் பிரதி சிஸ்டம் பார்ட்டிஷனில் (சேமிப்பகத்தின் தனிப் பகுதி) அப்படியேதான் இருக்கும், அதனால் இடம் ஒன்றும் பெரிதாக மிச்சமாகாது. ஆனால் அதே காரணத்தால் ‘சிஎம்டி பேக்கேஜ் இன்ஸ்டால்-எக்ஸிஸ்டிங்’ கொடுத்தால் ஒரு நொடியில் திரும்பி வந்துவிடும். ரூட் வைத்து வேரோடு பிடுங்குவதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். முதல் தடவை நீக்கக்கூட வேண்டாம். ‘பிஎம் டிசேபிள்-யூசர்’ போட்டு முடக்கி வைத்து, சில நாள் போன் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள். பெயரைப் பார்த்து உதவாக்கரை என்று முடிவு கட்டக் கூடாது. தொலைந்த போனைக் கண்டுபிடிக்கும் சிஸ்டம் செயலியை நீக்கியதும் பூட்லூப்பில் (முழுதாக எழாமல் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆவது) விழும் போன்கள் உண்டு.

2000-ஆல் முடியும் மற்ற வேலைகள் ஏராளம். ‘டபிள்யூஎம் டென்சிட்டி’ வைத்துத் திரை எழுத்தின் அளவை செட்டிங்ஸ் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டி மாற்றலாம். பிடிக்காவிட்டால் பின்னால் ‘ரீசெட்’ சேர்த்தால் பழையபடி ஆகும். ‘செட்டிங்ஸ் புட்’ மூலம் மெனுவில் காட்டாத அமைப்புகளை மாற்றலாம். ‘பிஎம் கிராண்ட்’ மூலம் ஒரு செயலிக்குச் சிறப்பு அனுமதி கொடுக்கலாம். போனில் நடப்பதைக் குறித்துக்கொள்ளும் ‘லாக்கேட்’ பதிவை முழுதாகப் படிக்கலாம். கோப்பு மேலாளர்களுக்கு ஆண்ட்ராய்டு 11 பூட்டிவிட்ட ‘ஆண்ட்ராய்டு/டேட்டா’ கோப்புறைக்குள்ளும் போய்வரலாம்.

‘டம்ப்சிஸ்’ என்ற கட்டளையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘டம்ப்சிஸ் பேட்டரி’ தட்டினால் வரும் பட்டியலில் வெப்பநிலை 312 என்று இருக்கும். பதற வேண்டாம், பத்தில் ஒரு பங்காகப் படிக்க வேண்டும்: 31.2 டிகிரி செல்சியஸ். அதே கட்டளையில் ‘செட் லெவல் 5’ என்று சேர்த்தால் பேட்டரி 5 சதவீதம்தான் இருக்கிறது என்று போனையே நம்பவைக்கலாம். செயலி எழுதுகிறவர்கள் சோதிக்கப் பயன்படுத்தும் வித்தை இது. முடித்ததும் ‘ரீசெட்’ கொடுக்காவிட்டால், சார்ஜ் ஏற ஏற எண் மட்டும் நகராமல் நிற்கும்.

2000 நிற்கும் இடங்களும் தெளிவானவை. மற்றச் செயலிகளின் உள்தரவைப் படிக்க முடியாது. கெர்னல் அமைப்புகளில் எழுத முடியாது. ஃபயர்வால், ஹோஸ்ட்ஸ் கோப்பு (இணையப் பெயர்களை முகவரியாக மாற்றும் பட்டியல்) இரண்டையும் தொட முடியாது. ‘ஏடிபி ரூட்’ என்று ஒரு கட்டளை இருக்கிறதே என்று தட்டிப் பார்த்தால், விற்பனைக்கு வரும் போன்களில் ஏடிபி ரூட்டாக ஓடாது என்று முகத்தில் அடித்த மாதிரி பதில் வரும். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருந்தாலே முறைக்கும் வங்கிச் செயலிகளும் இருக்கின்றன. வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிடுவது எப்படிப் பார்த்தாலும் நல்லது.

ரூட்: விலை என்ன, கிடைப்பது என்ன

முதல் செலவு பூட்லோடர். அதைத் திறக்கும் நொடியில் போனில் உள்ள எல்லாம் அழிந்துவிடும். இது வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. இல்லாவிட்டால் திருடிய போனில் யார் வேண்டுமானாலும் வேறு சிஸ்டத்தை ஏற்றி உங்கள் தரவைப் படிக்கலாம். எல்லா நிறுவனமும் திறக்க விடுவதும் இல்லை. ஹுவாவே 2018-இலேயே அன்லாக் குறியீடு கொடுப்பதை நிறுத்திவிட்டது. சாம்சங் போன்களில் அதிகாரபூர்வமற்ற இமேஜை (சிஸ்டம் கோப்பு) ஏற்றியதும் நாக்ஸ் ஃபியூஸ் (ஒருமுறை எரிந்தால் திரும்பாத பாதுகாப்பு அடையாளம்) எரிந்துவிடும். பிறகு செக்யூர் ஃபோல்டர் போன்ற வசதிகள் திரும்பாது, அசல் சிஸ்டத்தை மறுபடி ஏற்றினாலும் திரும்பாது.

இரண்டாவது செலவு தினசரி உறுத்துவது. போன் கலப்படம் இல்லாமல் இருக்கிறதா என்று செயலிகள் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனை வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. பழைய சேஃப்டிநெட்டின் இடத்துக்கு வந்தது இது. இதன் கண்டிப்பான பரிசோதனை போனின் பாதுகாப்புச் சிப்பிடமே சாட்சி கேட்கிறது. திறந்த பூட்லோடரோடு அதில் நேர்வழியில் தேற முடியாது. வங்கிச் செயலி, தட்டிப் பணம் கட்டும் வசதி இரண்டும் முதலில் அடிபடும். பூட்லோடரைத் திறந்ததும் வைட்வைன் (படங்களைத் திருடாமல் காக்கும் பூட்டு) எல்1-இலிருந்து எல்3-க்கு இறங்கிவிடும் போன்களும் உண்டு; அவற்றில் திரைப்படங்கள் உயர்தரத்தில் ஓடாது. ரூட் கருவியான மேஜிஸ்கின் டினைலிஸ்ட் (ரூட்டைக் காட்டக் கூடாத செயலிகளின் பட்டியல்), கூடவே சில மாட்யூல்கள் (துணை நிரல்கள்) என்று மறைக்கும் வழிகள் உண்டு. ஆனால் இன்று வேலை செய்வது அடுத்த மாதம் செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. கையில் பணமில்லாமல் போனை மட்டும் நம்பி வெளியே கிளம்பும் ஆளாக இருந்தால் இந்த விளையாட்டே வேண்டாம்.

சரி, செலவைச் சொல்லியாயிற்று. கிடைப்பது என்ன? என்னைக் கேட்டால் ரூட்டின் முதல் நியாயம் பேக்கப். ‘ஏடிபி பேக்கப்’ என்ற பழைய வழி கிட்டத்தட்டச் செத்துவிட்டது. ஆண்ட்ராய்டு 12-ஐ இலக்காகக் கொண்ட செயலிகளின் தரவை அது எடுக்காது. செயலி எழுதியவர் ஏற்றுமதி வசதி வைக்கவில்லை என்றால், உங்கள் பல வருடக் குறிப்புகள் அந்தச் செயலிக்குள்ளேயே சிறைதான். ரூட் இருந்தால் ‘டேட்டா/டேட்டா’வுக்குள் அந்தச் செயலியின் கோப்புறையை ‘டார்’ போட்டு ஒரே கோப்பாகக் கட்டி எடுத்துவிடலாம்.

எடுப்பது சுலபம், திரும்ப வைப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். செயலியை மறுபடி நிறுவும்போது அதற்குப் புதிய பயனர் எண் கிடைத்திருக்கும். ‘எல்எஸ்’ கட்டளையில் பார்த்தால் கோப்புறையின் உரிமையாளர் யு0_ஏ231 என்பது போல ஒரு பெயரில் இருக்கும். பேக்கப்பில் உள்ள கோப்புகளோ பழைய எண்ணில் இருக்கும். அப்படியே விரித்துவிட்டுச் செயலியைத் திறந்தால் மூடிக்கொண்டு போய்விடும். முதலில் செயலியை ‘ஏஎம் ஃபோர்ஸ்-ஸ்டாப்’ போட்டு நிறுத்தி, கோப்புகளை விரித்து, ‘சௌன்’ கொடுத்து உரிமையாளரைப் புதிய எண்ணுக்கு மாற்றி, கடைசியாக ‘ரீஸ்டோர்கான்’ கொடுத்து எஸ்இலினக்ஸ் முத்திரையைச் சரிசெய்ய வேண்டும். கடைசிப் படியை விட்டுவிட்டால், அனுமதிகள் எல்லாம் சரியாகத் தெரிந்தும் செயலி ஓடாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும். இதையெல்லாம் தானே செய்யும் பேக்கப் செயலிகளும் இருக்கின்றன, நியோ பேக்கப் அவற்றில் ஒன்று.

பேக்கப்பை விட்டால் கெர்னலைத் தொடும் வேலைகள்: சிபியு கவர்னரை (சிபியுவின் வேகத்தைத் தீர்மானிக்கும் விதி) மாற்றுவது, 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்துவது (அந்தக் கோப்பின் பெயர் போனுக்குப் போன் மாறும், இப்போது நிறைய போன்களில் இது செட்டிங்ஸிலேயே வந்துவிட்டது), ‘ஐபிடேபிள்ஸ்’ என்ற ஃபயர்வால் விதிகள், ‘டிசிபிடம்ப்’ கொண்டு நெட்வொர்க் போக்குவரத்தைப் பிடிப்பது. விளம்பரத் தடுப்புக்காக ரூட் கேட்கிறவர்கள் ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் பிரைவேட் டிஎன்எஸ்ஸை (இணையப் பெயர்களைத் தேடும் சர்வரை நீங்களே தேர்ந்தெடுக்கும் அமைப்பு) முதலில் முயன்று பாருங்கள். போக்குவரத்தைப் பார்க்க மட்டும் என்றால் விபிஎன் முறையில் இயங்கும் பிசிஏபிடிராய்டு போதும்.

எந்தக் கருவி? மேஜிஸ்க், அவ்வளவுதான், பெரும்பாலானவர்களுக்கு. உங்கள் போனில் இப்போது ஓடும் அதே ஃபர்ம்வேரின் (நிறுவனம் தந்த சிஸ்டம்) பூட் இமேஜை (போனை எழுப்பும் பகுதி) எடுத்து (ஆண்ட்ராய்டு 13-உடன் சந்தைக்கு வந்த போன்கள் முதல் பெரும்பாலும் இனிட்-பூட் இமேஜ்) மேஜிஸ்க் செயலியில் கொடுத்தால் ஒட்டுப்போட்டுத் தரும். அதை ‘ஃபாஸ்ட்பூட்’ வழியாக ஃபிளாஷ் செய்ய (போனில் எழுத) வேண்டும். பதிப்பு மாறினால் பூட்லூப் நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசல் இமேஜ் கணினியில் பத்திரமாக இருந்தால் அதைத் திருப்பி ஃபிளாஷ் செய்து மீண்டுவிடலாம். இன்னொரு கருவியான கெர்னல்எஸ்யு கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வதால், அனுமதி கொடுத்த செயலிக்கு மட்டும்தான் ‘எஸ்யு’ இருப்பதே தெரியும். 5.10 அல்லது அதற்கு மேற்பட்ட ஜிகேஐ கெர்னல் (கூகுள் தரும் பொதுக் கெர்னல்) உள்ள போன்களுக்குத்தான் அது அதிகாரபூர்வமாகப் பொருந்தும். ஏபேட்ச் மூன்றாவது வழி; முதல் இரண்டும் தெரிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரே தட்டில் ரூட் என்று விளம்பரம் செய்யும் செயலிகளின் பக்கமே போகாதீர்கள். பழைய கெர்னல் ஓட்டைகளை நம்பி இருந்தவை அவை. ஓட்டை வழியாக உள்ளே வருகிறவர் உங்களுக்காக மட்டும் வருவதில்லை.

ரூட் ஷெல்லில் கைவைக்கும் முன்

பழைய பாடங்களில் ‘மவுண்ட்’ கொடுத்து சிஸ்டத்தை எழுதக்கூடியதாக மாற்று என்று இருக்கும். ஆண்ட்ராய்டு 10-உடன் டைனமிக் பார்ட்டிஷன் வந்தபிறகு அது அநேகமாக நடக்காது, ரூட்டாக இருந்தாலும் படிக்க மட்டும் என்றே பதில் வரும். மேஜிஸ்க் மாட்யூல் வழியாக மேலே ஒரு திரை போர்த்துவதுதான் இன்றைய முறை. அசல் கோப்பு அடியில் அப்படியே இருக்கும், மாட்யூலை நீக்கினால் திரை விலகிவிடும்.

டெர்மக்ஸுக்குள் இருந்தே ‘எஸ்யு’ கொடுக்கலாம், ஆனால் அப்படி ரூட்டாக இருக்கும்போது டெர்மக்ஸின் வீட்டுக் கோப்புறையில் ஒரு கோப்பை உருவாக்கினால் அதன் உரிமையாளர் 0 ஆகிவிடும். பிறகு சாதாரணமாகத் திறக்கும்போது டெர்மக்ஸால் தன் வீட்டுக் கோப்பையே எழுத முடியாது. ‘பிகேஜி’ ரூட்டாக ஓட மறுப்பது இந்தக் குழப்பத்தைத் தடுக்கத்தான். ஆகவே ரூட்டுக்குள் நீண்ட நேரம் உட்காராதீர்கள். ‘எஸ்யு -சி’ போட்டு ஒரே ஒரு கட்டளையை ஓட்டிவிட்டு வெளியே வந்துவிடுவதே நல்லது. போனில் வரும் ‘டாய்பாக்ஸ்’ கட்டளைகளில் கணினி லினக்ஸில் இருக்கும் எல்லா விருப்பங்களும் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். கணினியில் ஓடிய ஸ்கிரிப்ட் இங்கே பாதியில் நிற்கலாம். ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்ட் பாதியில் நிற்பது நல்ல விஷயம் அல்ல.

எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது ‘டிடி’. எந்தப் பார்ட்டிஷனில் எழுதச் சொன்னாலும் கேள்வி கேட்காமல் எழுதும். குவால்காம் சிப் போன்களில் மோடம் தரவு இருக்கும் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, சென்சார் அளவீடுகள் இருக்கும் பெர்சிஸ்ட் ஆகியவற்றில் தவறாக எழுதிவிட்டால் ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) போய்விடலாம், கைரேகை வேலை செய்யாமல் போகலாம். நிறுவனத்தின் ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றினாலும் இவை திரும்பி வராது, ஏனென்றால் இவை அந்த ஒரு போனுக்கென்று தொழிற்சாலையில் எழுதியவை. ரூட் கிடைத்ததும் முதல் வேலையாக அதே ‘டிடி’யைக் கொண்டே இந்த மூன்றையும் படித்து, கோப்பாக்கி, கணினிக்கு மாற்றிவிடுங்கள். மற்ற ஆசைகள் எல்லாம் அதற்கு அப்புறம்.

அனுமதி கேட்டு மேஜிஸ்க் ஜன்னல் வரும்போது ‘எப்போதும்’ என்பதற்குப் பதில் 10 நிமிடம் என்று கொடுக்கலாம். ஏடிபி ஷெல்லுக்கு நிரந்தர ரூட் கொடுக்கவே கூடாது. கொடுத்தால், நீங்கள் ஒருமுறை நம்பகம் என்று ஒப்புக்கொண்ட எல்லாக் கணினிகளுக்கும் ரூட் கொடுத்ததாகிவிடும்.

ஐபோனும் லினக்ஸ் போனும்

ஐபோனில் ஏடிபி போன்ற நடுப்படி கிடையாது. ஐஎஸ்எச் என்ற செயலி ஆல்பைன் லினக்ஸை எமுலேஷனில் ஓட்டுகிறது. கற்றுக்கொள்ளப் போதும், ஆனால் மெதுவாகத்தான் ஓடும். அதற்கு மேல் என்றால் ஜெயில்பிரேக், அதாவது ஆப்பிளின் பூட்டை உடைப்பது. 2019-இல் வெளியான செக்எம்8 ஓட்டை ஏ11 வரையிலான சிப்களின் பூட்ராமில் (தொழிற்சாலையிலேயே பதித்த, மாற்ற முடியாத நினைவகம்) இருப்பதால் அந்தப் பழைய போன்களில் அதை மூட வழியே இல்லை. புதிய போன்களுக்கு அப்படி ஒன்று இல்லை. ஜெயில்பிரேக் செய்து எஸ்எஸ்எச் நிறுவுகிறவர்கள் முதலில் ரூட் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். 2009-இல் ஐகீ என்ற புழு, எல்லா ஐபோனுக்கும் பொதுவாக இருந்த ‘ஆல்பைன்’ என்ற கடவுச்சொல்லை வைத்தே போன் போனாகப் பரவி வால்பேப்பரை மாற்றியது.

பைன்போன் மாதிரி லினக்ஸ் போன்களில், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் ஓடும் பழைய போன்களில் ரூட் என்பது ஒரு பிரச்சினையே இல்லை. கணினியில் போலவே கடவுச்சொல் கொடுத்தால் முடிந்தது. தினசரி போனாக வைத்துக்கொள்ளப் பெரிய பொறுமை வேண்டும்.

யார் எதை எடுப்பது

கட்டளை பழக, நிரல் எழுத, சர்வரைப் பார்த்துக்கொள்ள: டெர்மக்ஸ். ரூட்டாக இருந்து பழக வேண்டும், போன் கெடக் கூடாது என்றால் மெய்நிகர் டெபியன். குப்பைச் செயலிகளை நீக்க, மறைந்த அமைப்புகளை மாற்ற, செயலி ஏன் விழுகிறது என்று பார்க்க: ஏடிபி அல்லது ஷிசுகு. இவற்றில் எதற்கும் போனைத் துடைக்கத் தேவையில்லை, பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம்.

உங்கள் தேவை செயலிகளின் உள்தரவு, கெர்னல் அமைப்பு, முழு நெட்வொர்க் கட்டுப்பாடு இவற்றில் ஒன்று என்றால் மட்டும் ரூட். அதையும் அன்றாடம் பணம் கட்டும் போனில் செய்யாமல், டிராயரில் தூங்கும் பழைய போனில் செய்யுங்கள் என்பேன். கைவசம் ஒரே போன்தான், வங்கி வேலையும் அதில்தான் என்றால் என் பதில் ‘வேண்டாம்’தான்.

செய்வது என்று முடிவெடுத்தபின் இரண்டு இடங்களில் அவசரப்படாதீர்கள். ஒன்று, சிஸ்டம் அப்டேட். இரட்டை ஸ்லாட் (சிஸ்டத்தின் இரண்டு பிரதிகளுக்கான இடம்) உள்ள போனில் முதலில் மேஜிஸ்கில் அசல் இமேஜுகளைத் திருப்பி வைத்து, அப்டேட்டை இறக்கி, ரீஸ்டார்ட் பொத்தானைத் தொடாமல் மேஜிஸ்குக்குப் போய், பயன்பாட்டில் இல்லாத ஸ்லாட்டில் நிறுவும் தேர்வைக் கொடுத்த பிறகே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்னொன்று, பூட்லோடரைத் திரும்பப் பூட்டுவது. முதலில் கணினிக்கு பேக்கப், ஏனென்றால் பூட்டும்போதும் எல்லாம் அழியும். பிறகு நிறுவனத்தின் முழு ஃபர்ம்வேரையும் ஃபிளாஷ் செய்து, போன் ஒழுங்காக எழுந்து வருகிறதா என்று ஒருமுறை பார்த்து, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஓஇஎம் அன்லாக்கிங்கை (பூட்லோடரைத் திறக்க விடும் பொத்தான்) அணைக்காமல் விட்டு, அதற்குப் பிறகே பூட்டும் கட்டளை. ஒட்டுப்போட்ட இமேஜ் உள்ளே இருக்கும்போதே பூட்டினால் போன் எழாது. அந்த நிலையில் ஓஇஎம் அன்லாக்கிங்கும் அணைந்திருந்தால் மறுபடி திறக்கவும் முடியாது.